பழைய பாத்திக் துணிக் குவில்ட்டை முடிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

துண்டு துணிகளை இணைத்துக் குவில்ட்டின் மேல்பக்கம் முழுக்கத் தைத்தாயிற்று, நடுவில் வைக்கும் மெத்தென்ற அடுக்கான பேட்டிங்கையும் அடித்துணியையும் சேர்த்து மூன்றடுக்காக விரித்தும் வைத்தாயிற்று, இனி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் குவில்ட்டிங் தையல் போட்டு ஓரம் கட்டினால் முடிந்தது என்று உட்காரும்போதுதான் பழைய பாத்திக், அதாவது மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாதபடி செய்து கோலம் போட்ட துணி, தன் குணத்தைக் காட்டும். சாதாரணப் பருத்தியில் பார்த்தே இராத தொல்லையெல்லாம் வரும். ஆனால் அவை எல்லாமே அந்தத் துணி உருவான விதத்திலிருந்து வருபவைதான்: உள்ளே தங்கிப்போன மெழுகு, இழையில் சரியாகப் பிடிக்காமல் நிற்கும் சாயம், நெருக்கமான நெசவு, அப்புறம் வயது. மெழுகுக் கோடு பரவாமல் மெல்லியதாக நிற்க வேண்டும் என்பதால் பாத்திக்குக்கு நெருக்கி நெய்த துணியைத்தான் எடுப்பார்கள். அதன் அழகும் அதனால்தான், உங்கள் ஊசி படும் பாடும் அதனால்தான்.

கீழே எதைப் படிப்பதற்கு முன்னாலும் ஒன்று செய்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துத் தள்ளி வையுங்கள். ஏதாவது கோணல் தெரிந்ததும் நம் கை முதலில் போவது அதற்குத்தான், பாத்திக்கில் பெரும்பாலான சேதம் நடப்பதும் அங்கேதான். பக்கத்துத் துண்டில் ஏறிவிட்ட சாயத்தின் மேல் சூடு பட்டால் பிறகு எடுப்பது கடினம், மெழுகு உருகி இன்னும் உள்ளே இறங்கும், தண்ணீரில் போகக்கூடிய நீலப் பேனாக் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். கோளாறு இன்னதென்று தெரிந்த பிறகு சூடு காட்டலாம்.

ஊசி இறங்க மறுக்கிறது, தையல் விட்டுப்போகிறது, நூல் அறுகிறது

இது மெஷினின் கோளாறு என்று நினைத்து டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, திருகத் தொடங்காதீர்கள். முதலில் ஊசியைக் கழற்றி விரல் நகத்தால் அதன் நுனியை உரசிப் பாருங்கள். நகத்தில் கீறல் விழுந்தால் நுனி மழுங்கியோ வளைந்தோ இருக்கிறது. நுனி சரியாக இருந்தால் ஊசியின் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். பிசுபிசு என்று ஏதோ ஒட்டினால் அது மெழுகு. தைக்கும் வேகத்தில் ஊசி சூடாகி, துணியிலிருக்கும் மெழுகை இழுத்துத் தன் மேல் பூசிக்கொள்கிறது. நூல் அதில் சிக்கித் திரிதிரியாகப் பிரிந்து அறுந்துபோகிறது.

பொது உபயோக ஊசிக்கு நுனி கொஞ்சம் உருண்டை, அது இழைகளை விலக்கிக்கொண்டு போகப் பார்க்கும். பாத்திக்கில் விலகுவதற்கு இடமே கிடையாது. மைக்ரோடெக்ஸ் என்று விற்கும் கூர்நுனி ஊசியை மாட்டுங்கள், துண்டுகளை இணைக்க 70/10 அல்லது 80/12, மூன்றடுக்கில் கொஞ்சம் கனமான நூலால் குவில்ட்டிங் போடுகிறீர்கள் என்றால் டாப்ஸ்டிச் 90/14. புது ஊசி மாட்டியதுமே முக்கால்வாசிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். மெழுகுத் துணியாக இருந்தால் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியைத் துடையுங்கள், வேகத்தையும் குறையுங்கள்.

கையால் தைப்பவர்களுக்கு வலி இன்னும் கூடுதல். மூன்று நான்கு தையலை ஒரே ஊசியில் அள்ளி எடுக்கும் பழக்கம் பாத்திக்கில் நடக்காது, அப்படி முயன்றால் விரல் வீங்குவதுதான் மிச்சம். இரண்டிரண்டாக எடுங்கள், தையல் கூடும் இடங்களில் ஊசியை நேராகக் குத்திக் கீழே இழுத்து மறுபடி மேலே குத்தி வாருங்கள். அடித்துணியும் பாத்திக்காக இருந்தால் வேலை இரட்டிப்பு; இன்னும் அடுக்கு சேர்க்கவில்லை என்றால் அடியில் தளர்ந்த நெசவுப் பருத்தியையும் மெல்லிய பேட்டிங்கையும் வையுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், பாத்திக்குக்கு அடியிலும் பாத்திக் வைத்துக் கையால் தைக்கச் சொல்லி யாரையும் வருத்தக் கூடாது.

ஒரு துண்டு மட்டும் விறைப்பாக, பளபளப்பாக இருக்கிறது

மெழுகு முழுதாக வெளியேறவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி அந்த இடம் மட்டும் ஒளி விடும். துணி இன்னும் தனித் துண்டாகக் கையில் இருந்தால் சுலபம், சூடான சோப்புத் தண்ணீரில் அலசினால் மெழுகு உருகி மேலே மிதக்கும், தண்ணீர் ஆறியதும் தகடாக எடுத்துவிடலாம். அந்தத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் மட்டும் ஊற்றாதீர்கள், உள்ளே போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

மேல்பக்கத்தில் தைத்துவிட்டீர்கள், ஆனால் பேட்டிங் இன்னும் சேர்க்கவில்லை என்றால் காகித வைத்தியம். இஸ்திரிப் பெட்டி இப்போதுதான் வெளியே வர வேண்டும், அதுவும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துச் சாயம் வரவில்லை என்று உறுதியான பிறகு. மேலேயும் கீழேயும் அச்சிடாத பழுப்புக் காகிதம் வைத்து, நீராவி இல்லாமல், தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். காகிதத்தில் ஈரத் தடம் போல மெழுகு ஏறும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காகிதத்தின் புதுப் பகுதியை வையுங்கள், தடம் விழாமல் போகும்வரை. செய்தித்தாள் வேண்டாம், அதன் மை துணிக்கு வந்துவிடும்.

மூன்றடுக்கும் சேர்ந்துவிட்டது என்றால் சூடே காட்டக் கூடாது, மெழுகு நேராகப் பேட்டிங்குக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் பனிக்கட்டி போட்டு அந்த இடத்தின் மேல் வையுங்கள், மெழுகு இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்ததும் ஸ்பூன் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். முழுக்கப் போகாது, ஆனால் ஊசி இறங்கும் அளவுக்குத் தளர்ந்துவிடும்.

வெளிர் துண்டில் நிறம் தெரிகிறது, சாயம் ஏறிவிட்டதா?

பதறுவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி எடுங்கள். பாத்திக்கில் மெழுகு காய்ந்து விரிசல் விடும்போது அந்த விரிசல் வழியே சாயம் புகுந்து மெல்லிய நரம்புகளாக நிற்கும், அது துணியின் பிறவி அடையாளம். நரம்பு மயிரிழை மாதிரி கூர்மையாக, கிளை கிளையாக, துணியின் இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில் தெரியும். ஏறிய சாயம் அப்படி இருக்காது. அது புகை மாதிரி விளிம்பு கலைந்து இருக்கும், பெரும்பாலும் அடர்நிறத் துண்டு தொட்டுக்கொண்டிருக்கும் தையல் ஓரத்தில் தொடங்கி உள்ளே போகப் போக மங்கும். விரிசல் நரம்பைக் கறை என்று நினைத்து வெளுப்பான் தடவி ஒரு நல்ல பழைய துண்டைப் பாழாக்கியவர்கள் உண்டு, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

புகை மாதிரிதான் இருக்கிறது, சாயம்தான் ஏறியிருக்கிறது என்றால் இரண்டு கேள்வி. நனைந்த பிறகு வந்ததா, வெறும் உரசலில் வந்ததா?

நனைந்து வந்தது என்றால், காய விடாதீர்கள். உலர்த்தும் மெஷினில் போடவே போடாதீர்கள். உப்பு, வினிகர் என்று யார் சொன்னாலும் அதில் நேரம் போக்க வேண்டாம். சாயம் போடும்போது சில சாயங்கள் பருத்தியில் ஏற உப்பு உதவும், வினிகரின் புளிப்பு கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சாயங்களுக்கானது, ஏற்கெனவே பிடிக்காமல் தளர்ந்து நிற்கும் பருத்திச் சாயத்தை இரண்டும் நிலைநிறுத்தாது. இப்போது வேண்டியது நேர் எதிரானது, அந்தத் தளர்ந்த சாயம் முழுவதும் வெளியே வந்து, மறுபடி துணியில் உட்காராமல் தண்ணீரிலேயே தங்க வேண்டும். அதற்கு மூன்று தேவை: சூடு, ஏராளமான தண்ணீர், சாயத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் சோப்பு.

குளியல் தொட்டியோ பெரிய டிரம்மோ எடுத்து, கை வைக்க முடியாத சூட்டில், சுமார் 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் நிரப்பி, நிறமில்லாத பாத்திரம் துலக்கும் திரவம் அரை டம்ளர் கலந்து, குவில்ட்டை மொத்தமாக அமிழ்த்துங்கள். கரண்டியோ கம்போ வைத்துத்தான் அமிழ்த்த வேண்டும், கை சுட்டுவிடும். ஒரு முனைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, வெளியே இருக்கும் துணி திரி மாதிரி சாயத் தண்ணீரை மேலே இழுத்து அங்கே கோடாக நிறுத்திவிடும். மேலே வெள்ளை டவல்களைப் பரப்பித் தட்டு கவிழ்த்து வைத்தால் மிதக்காது. பன்னிரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள், தண்ணீர் ஆறினால் பரவாயில்லை. காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். நிறம் இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. டம்ளரில் தண்ணீர் தெளிவாகத் தெரியும்வரை இது ஓயாது. ஒரு கறுப்புச் சிவப்புக் குவில்ட்டுக்கு எனக்கு நான்கு தடவை ஆனது. மூன்றாவது நாள் காலை டம்ளரில் மிச்சமிருந்தது வெறும் ரோஸ் நிழல்தான், அந்த நேரத்தில் போதும் என்று விட்டிருந்தால் காய்ந்ததும் அந்த ரோஸ் முழுக்க வெள்ளைத் துண்டில்தான் போய் உட்கார்ந்திருக்கும்.

எச்சரிக்கை இரண்டு. மெழுகு மிச்சமிருக்கும் துண்டு இருந்தால் இந்தச் சூட்டில் அது இளகி நகரும், அதை முதலில் கவனியுங்கள். கம்பளிப் பேட்டிங் போட்டிருந்தாலோ, துணி இற்றுப்போன நிலையில் இருந்தாலோ இந்த முறை வேண்டாம்.

கையிலும் நூலிலும் நீலம் ஒட்டுகிறது

நனையவே இல்லை, ஆனாலும் கட்டைவிரல் நீலமாகிறது, வெள்ளை நூல் தைக்கத் தைக்கச் சாம்பல் நிறமாகிறது என்றால் அது பெரும்பாலும் அவுரி. அவுரிச் சாயம் தண்ணீரில் கரையாது, இழையின் மேல் நுண்துகளாகப் படிந்து நிற்கும், அதனால் உரசலில்தான் உதிரும். துணி தனியாக இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி மேலே தளர்ந்த துகளை நீக்கலாம். தைத்த பிறகு என்றால் நீல நூலுக்கு மாறிவிடுங்கள், அதுதான் சரியான தீர்வு. நூலையும் ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், நீளமாக இருந்தால் ஒரே இழை நூறு தடவை அந்த நீலத்தில் உரசிக்கொண்டு போகும். வெளிர்த் துண்டுகளின் மேல் கை வைத்து அழுத்தும்போது நடுவில் ஒரு சுத்தமான துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

பிரித்த இடத்தில் ஓட்டை ஓட்டையாக நிற்கிறது

நெருக்கி நெய்த துணியில் ஊசி ஒதுக்கிய இழை தானாகத் திரும்பி வராது. மேலே சில துளி தண்ணீர் தெளித்து, ஊசியின் காதுப் பக்கத்தால் அல்லது நகத்தால் முதலில் பாவு வாட்டத்தில், அப்புறம் ஊடு வாட்டத்தில் மெதுவாக வருடுங்கள். நல்ல துணி என்றால் இழைகள் நகர்ந்து மூடிக்கொள்ளும். புள்ளி புள்ளியாக வெண்மை தெரிந்தால் இழை நகரவில்லை, அறுந்திருக்கிறது. அதே கோட்டில் மறுபடி தைத்து மறைப்பது தவிர வழியில்லை. ஆகவே குவில்ட்டிங் மாதிரியை வெட்டிய மிச்சத் துண்டில் பேட்டிங்கோடு சேர்த்து ஒரு கையகலம் தைத்துப் பார்த்துவிட்டே பெரியதில் தொடங்குங்கள். டென்ஷன், தையல் நீளம், நூலின் நிறம் மூன்றும் அங்கேயே முடிவாகிவிடும்.

கறுப்பு, பழுப்பு இடங்கள் மட்டும் விண்டு போகின்றன

இது மனதைக் கஷ்டப்படுத்தும் கோளாறு, மற்ற நிறம் எல்லாம் திடமாக இருக்கும்போது அடர்பழுப்புப் பூவின் இதழ் மட்டும் தூளாகும். துவர்ப்புப் பட்டையோடு இரும்புச் சத்தைச் சேர்த்துக் கறுப்பும் அடர்பழுப்பும் வரவழைத்த துணிகளில் இப்படி நடக்கும், அந்த இரும்பு வருடக்கணக்கில் பருத்தி இழையை அரித்துக்கொண்டே இருக்கும். இன்னொரு இடம் மடிப்புத் தடம். பல வருடம் ஒரே மடிப்பில் அலமாரியில் இருந்த துணி அந்தக் கோட்டில் வெளுத்தும் இற்றும் இருக்கும்.

சோதிப்பது சுலபம். இரண்டு கட்டைவிரலையும் பக்கம் பக்கமாக அந்த இடத்தின் மேல் வைத்து, துணியைப் பிடித்து மெல்ல விலக்குங்கள். நல்ல துணி விறைத்துத் தாங்கும். இற்ற துணியில் சன்னமாக, காய்ந்த இலை மிதிபடுவது போல ஒரு சத்தம் கேட்கும், அதற்குள் கையை எடுத்துவிடுங்கள்.

இன்னும் அடுக்கவில்லை என்றால் அந்தத் துண்டைப் பிரித்து மாற்றுவதுதான் நல்லது. மாற்ற மனமில்லை, அந்தப் பூதான் குவில்ட்டின் உயிர் என்றால் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துச் சுற்றிலும் நூலோட்டம் போட்டுத் தாங்குதல் கொடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு தெரியவந்தால் மேலே அதே நிறத்தில் மெல்லிய வலைத்துணி போர்த்தி, தையல் கோடுகளை ஒட்டியே கையால் சிறு தையலாகப் பிடியுங்கள், இரண்டடி தள்ளிப் பார்த்தால் வலை கண்ணுக்கே தெரியாது. இற்ற இடத்தின் மேல் நெருக்கமாக மெஷின் தையல் போடுவது மட்டும் கூடாது, அது தபால்தலையைக் கிழிக்க ஓட்டை போடுவது மாதிரி.

வரைந்த கோடு போகவில்லை, அல்லது போன கோடு திரும்பி வந்தது

சூட்டில் மறையும் பேனா பாத்திக்குக்கு ஆகாது. அடர்நிறத்தில் வெள்ளை நிழலாகத் தடம் நிற்கும், கடுங்குளிரில் மறைந்த கோடும் திரும்பத் தெரியும். நீலப் பேனாக் கோட்டைப் பச்சைத் தண்ணீரில் நனைத்தே எடுங்கள், சூடு படுமுன். என் பழக்கம் தேய்ந்த வெள்ளைச் சோப்புத் துண்டு, அடர்நிறத்தில் பளிச்சென்று தெரியும், துவைத்தால் சோப்போடு சோப்பாகப் போய்விடும். இன்னும் எளிது, மழுங்கிய கத்தி முதுகாலோ எலும்புக் கருவியாலோ அழுத்திக் கீறுவது. நெருக்கமான நெசவு அந்தத் தடத்தை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஓரம் அலை அலையாக நிற்கிறது

குவில்ட்டைத் தரையில் விரித்தால் நடு தட்டையாக இருக்கிறது, ஓரம் மட்டும் அப்பள ஓரம் மாதிரி நெளிகிறது. காரணம் இரண்டில் ஒன்று: ஓரப் பட்டையை அளக்காமல் நீளமாக வைத்துத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிச்சத்தை வெட்டியிருப்பீர்கள், அல்லது நடுவில் நெருக்கமாகக் குவில்ட்டிங் போட்டு ஓரத்தைச் சும்மா விட்டிருப்பீர்கள். இரண்டாவது என்றால் ஓரத்திலும் அதே நெருக்கத்தில் தையல் போடுங்கள், பாதி அலை அடங்கிவிடும்.

முதலாவது என்றால் நடுவே, மேலே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அதற்கும் ஓரத்தின் நீளத்துக்கும் வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள் என்றால் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே வலுவான நூலால் நூலோட்டம் போட்டு, மெல்ல இழுத்து அந்தச் சராசரிக்குக் கொண்டுவந்து, சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி முடிச்சிடுங்கள், அப்புறம் விளிம்பைச் சுற்றி மடித்துத் தைக்கும் பைண்டிங் பட்டி அதை மூடிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஓரப் பட்டையைப் பிரிக்கத்தான் வேண்டும். இழுத்துத் தேய்த்து அடக்கலாம் என்று பார்க்காதீர்கள், ஒரு துவைப்பில் திரும்ப வந்துவிடும்.

பைண்டிங் போதவில்லை, மூலை தடிக்கிறது, உள்ளே காலியாக இருக்கிறது

நீளக் கணக்கை முதலில் சரிபார்ப்போம். 150 × 200 சென்டிமீட்டர் குவில்ட்டின் சுற்றளவு 700, மூலைக்கும் கடைசி இணைப்புக்கும் 30 சேர்த்தால் 730. துணி அகலம் 110 என்றால் ஏழு பட்டி 770, தாராளம் என்று தோன்றும். ஆனால் இரண்டு கரையையும் நீக்கினால் ஒவ்வொன்றும் 107, 6 சென்டிமீட்டர் அகலப் பட்டியைச் சாய்வாக இணைக்க ஒவ்வொரு இணைப்பிலும் சுமார் 6 சென்டிமீட்டர் போகும், மிஞ்சுவது 713தான். எட்டாவது பட்டியை முன்பே வெட்டி வையுங்கள், பழைய பாத்திக்கில் அதே துணி மறுபடி கிடைக்காது.

மூலை தடிப்பதற்குக் காரணம் நெருக்க நெசவுத் துணி இரண்டாக மடிந்து, மடிந்து உட்காருவது. பட்டி இணைப்பு மூலையில் வராதபடி தொடங்குமுன் குவில்ட்டைச் சுற்றி ஒருமுறை வைத்துப் பாருங்கள், வந்தால் ஒரு சாண் நகர்த்துங்கள். உள்ளே காலியாக, அமுக்கினால் சப்பையாக இருந்தால் பேட்டிங்கை அளவுக்கு மேல் உள்ளே வெட்டிவிட்டீர்கள் என்று பொருள், மேல்துணியை விடப் பேட்டிங் 2 மில்லிமீட்டர் வெளியே நீட்டியபடி வெட்டினால் பட்டி நிறைந்து நிற்கும். வளைந்த ஓரத்துக்குத் துணியைச் சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டிதான், நேர் ஓரத்துக்கு நேர்ப் பட்டி போதும்.

பைண்டிங்குக்கு எந்தத் துணி என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒரு குவில்ட்டில் முதலில் தேய்வது அதன் மடிப்பு விளிம்புதான். இருப்பதிலேயே திடமான, கட்டைவிரல் சோதனையில் நன்றாகத் தாங்கிய துணியை அதற்கு எடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் இரும்புக் கறுப்பு வேண்டாம்.

முதல் துவைப்புக்குப் பிறகு முன்பக்கம் கொப்புளமாக எழுந்தது

பழைய பாத்திக் எத்தனையோ தடவை நனைந்து சுருங்கி முடித்தது. அடியில் வைத்த புதுத் துணியும் பருத்திப் பேட்டிங்கும் இப்போதுதான் சுருங்குகின்றன, பருத்திப் பேட்டிங் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். அடி சுருங்க மேல் எழும்புகிறது. இன்னும் அடுக்காதவர்கள் அடித்துணியை நனைத்துக் காயவைத்துவிட்டு வாருங்கள். முடித்தவர்கள் குவில்ட்டைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் டவல்களில் உருட்டி நீரை எடுத்து, சுத்தமான விரிப்பின் மேல் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவி நேராக்கி, ஓரத்தில் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி அப்படியே நிழலில் காய விடுங்கள். கொடியில் தொங்கவிட வேண்டாம், ஈரத்தின் கனம் முழுக்கப் பழைய துணியின் மேல் விழும்.

காய்ந்ததும் மடிப்பீர்கள் இல்லையா, இந்தத் தடவை மடித்த இடத்தில் அடுத்த தடவை மடிக்காதீர்கள். இடமிருந்தால் சுத்தமான வெள்ளைத் துணியில் வைத்து உருட்டியே வையுங்கள்.